வாரக் கூட்டமும் ஊர்க் கூட்டமும்

நாகப்பட்டினத்தில் இரண்டு விதமான கூட்டங்கள் நடக்கின்றன. ஒன்று, ஓட்டல் மாடியிலோ மண்டபத்தின் சிறு கூடத்திலோ மாலையில் கூடும் சேவைச் சங்கக் கூட்டம். தலைவர் மணியடித்தால் அது தொடங்கும். மற்றது, கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை, நம்பியார் நகர் போன்ற மீனவ ஊர்களில் கோயில் வாசலிலோ பொதுக் கட்டடத்திலோ கூடும் ஊர்க் கூட்டம். பஞ்சாயத்தார் சொல்லி அனுப்பினால் அது கூடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். ஆனாலும் ஒரு கூட்டத்தில் உட்காருகிறவரை மற்றதில் பார்ப்பது அரிது.

இரண்டு கூட்டங்களும் பணம் திரட்டுகின்றன. துன்பத்தில் இருப்பவருக்குக் கொடுக்கின்றன. இரண்டிலும் வராதவரைக் கேள்வி கேட்கும் வழக்கம் உண்டு. நல்ல நோக்கம் எது, கெட்ட நோக்கம் எது என்று பிரித்துச் சொல்வதற்காக இவற்றை நான் பக்கத்தில் வைக்கவில்லை. உதவி யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதைக் கொடுப்பவரின் மனத்தைவிட, முடிவெடுக்கும் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. இந்தக் கரையில் நடந்தவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டது இதுதான்.

சேவைச் சங்கங்களில் ஒன்றான ரோட்டரி பிறந்ததே ஒரு சிறு கூட்டமாகத்தான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவின் யூனிட்டி கட்டடத்தில் 711ஆம் எண் அறையில் நான்கு பேர் கூடினார்கள். பால் ஹாரிஸ் வழக்கறிஞர். மற்ற மூவரில் ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் தையல்காரர். ஒருவர் அலுவலகத்தில் ஒரு வாரம், இன்னொருவர் அலுவலகத்தில் அடுத்த வாரம் என்று சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. சிறு ஊரிலிருந்து பெருநகரத்துக்கு வந்தவர்கள் தங்களுக்குள் நட்பையும் வியாபாரத் தொடர்பையும் தேடிக்கொண்ட இடம் அது. சேவை பிறகுதான் வந்தது. சிகாகோவில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று 1907இல் எடுத்த முயற்சியே அவர்களுடைய முதல் பொதுப்பணி. இந்தியாவுக்குக் கல்கத்தா வழியாக 1919-20 காலத்திலும், சென்னைக்கு 1929இலும் ரோட்டரி வந்தது. லயன்ஸ் சங்கம் 1917இல் அதே சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டுத் தொழில்காரரின் முயற்சியில் தோன்றி, 1956இல் பம்பாய் வழியாக நம் நாட்டுக்குள் நுழைந்தது. இன்று மாவட்டத் தலைநகரம் எதிலும் இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாமல் இல்லை. நாகையிலும் உண்டு.

சங்கக் கூட்டத்துக்கென்று ஒரு நடைமுறை உண்டு. மணி, பிரார்த்தனை, நால்வழிச் சோதனை என்னும் நான்கு ஒழுக்கக் கேள்விகளின் வாசிப்பு, செயலாளர் அறிவிப்பு, அந்த வாரம் பிறந்தநாள் மணநாள் காண்பவர்களுக்கு வாழ்த்து, சிறப்பு விருந்தினர் பேச்சு, நன்றியுரை, சாப்பாடு. சிலர் இதைச் சடங்கு என்று ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மருந்துக்கடைக்காரர், அரிசி ஆலைக்காரர், பல் மருத்துவர், நகை வியாபாரி, பள்ளித் தாளாளர், கணக்குத் தணிக்கையாளர் ஆகியோர் ஒரே மேசையில் ஒழுங்காக உட்கார்ந்து ஒருவர் பேச மற்றவர் கேட்பது நம் ஊர்களில் வேறெங்கே நடக்கிறது? கோயில் கமிட்டியில் நடக்காது. அங்கே சாதி குறுக்கே வரும். கட்சி அலுவலகத்தில் நடக்காது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று ரோட்டரி தொடக்கத்தில் வைத்த விதி, ஒரு கூட்டத்துக்குள் பலவிதமான அறிவு வரும்படி செய்தது. அந்த விதி இப்போது தளர்ந்துவிட்டாலும் அதன் பலன் நிற்கிறது. கண் சிகிச்சை முகாம் என்றால் மருத்துவரும் இடம் தருபவரும் நோட்டீஸ் அச்சடிப்பவரும் வண்டி ஏற்பாடு செய்பவரும் அந்த மேசையிலேயே இருக்கிறார்கள். 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இத்தனை லட்சம் பேருக்குப் பார்வை தந்ததில், ஊர் ஊராக முகாமை ஏற்று நடத்திய உள்ளூர்ச் சங்கங்களுக்கும் பங்கு உண்டு.

ஊர்க் கூட்டத்தின் அடிப்படை வேறு. பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் கடலோர ஊர்களில் அதற்குத் தலைக்கட்டு என்பதுதான் அலகு. திருமணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. அவர் ஊருக்கு வரி கட்டுகிறார். அந்த வரி அவருக்குக் கூட்டத்தில் பேசும் உரிமையையும், ஊருக்கு வரும் எதிலும் ஒரு பங்கையும் தருகிறது. அவர் என்ன தொழில்நுட்பம் தெரிந்தவர், எவ்வளவு படித்தவர் என்பது கேள்வியே இல்லை. விசைப்படகு முதலாளியும் ஒரு தலைக்கட்டு. அவர் படகில் கூலிக்குப் போகிறவரும் ஒரு தலைக்கட்டு. எந்த வலை போடலாம், எந்த வலை கூடாது, சண்டைக்கு என்ன தண்டம், திருவிழாவுக்கு எவ்வளவு வசூல், கடலில் காணாமல் போனவரைத் தேட யார் படகை எடுப்பது, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனவர்களுக்காக யாரைப் போய்ப் பார்ப்பது எல்லாம் இங்கேதான் பேசி முடிவாகும். மீன் கூட்டத்தை மொத்தமாக வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலை குறித்து இந்தக் கரையில் பல ஆண்டுகளாக நடக்கும் சச்சரவில், அரசு ஆணைக்கு நிகராக ஊர்க் கூட்டத்தின் முடிவும் எடை பெறுகிறது.

பதவி விஷயத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. ரோட்டரியில் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு தலைவர். அடுத்த ஜூலையில் வேறொருவர். உலகத் தலைவருக்கும் இதே ஓராண்டுதான். அதிகாரம் ஒரே கையில் தங்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கொரு விலை இருக்கிறது. ஒவ்வொரு தலைவரும் தம் ஆண்டுக்குள் முடிந்து பெயர்ப்பலகை திறக்கக்கூடிய திட்டத்தையே நாடுகிறார். பள்ளிக்கு மேசை நாற்காலி, தையல் இயந்திரம், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம். அந்த இயந்திரத்தின் வடிகட்டியை மூன்றாம் ஆண்டில் மாற்றுவது யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல அந்தத் தலைவர் பதவியில் இருக்க மாட்டார். ஊர்க் கூட்டத்தில் முன்பு நாட்டார் என்ற ஊர்த்தலைவர் பதவி வாரிசாக வந்தது. இப்போது பெரும்பாலும் ஊர் தேர்ந்தெடுக்கிறது. பல ஊர்களில் காலவரை கிடையாது. பத்தாண்டுக்கு முன் செய்த ஏற்பாடு கெட்டுப்போனால் இன்றைய பஞ்சாயத்தாரைப் பிடித்துக் கேட்கலாம். அவர் அதே தெருவில்தான் இருப்பார். காலவரை இல்லாததால் வரும் கெடுதலும் உண்டு. பிடிக்காதவரை ஊர் விலக்கம் செய்த வழக்குகள் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போயிருக்கின்றன. விலக்கப்பட்ட குடும்பம் கடையில் சாமான் வாங்க முடியாமல் நிற்கும்போது, அதை மரபு என்ற பெயரில் யாரும் நியாயப்படுத்தக் கூடாது.

பணம் போகும் வழியைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். ஊர் வரி ஊரிலேயே வசூலாகி ஊரிலேயே செலவாகிறது. கணக்குக் கேட்கிறவர் கொடுத்தவரேதான். ரோட்டரி உறுப்பினரின் பணம் பல கைகள் மாறிப் போகிறது. சங்கத்துக்கு ஒரு பகுதி, ரோட்டரி மாவட்டத்துக்கு ஒரு பகுதி, சர்வதேசத் தலைமையகத்துக்கு ஒரு பகுதி. அறக்கட்டளைக்குக் கொடுப்பது இவற்றுக்கு மேல். அந்த அறக்கட்டளை 1917இல் ஆர்ச் கிளம்ப் என்ற தலைவர் அட்லாண்டா மாநாட்டில் சொன்ன யோசனையிலிருந்து பிறந்தது. அதற்கு முதலில் வந்த நன்கொடை கான்சஸ் சிட்டி சங்கம் அனுப்பிய 26 டாலர் 50 சென்ட். இன்று 1,000 டாலர் கொடுத்தவரைப் பால் ஹாரிஸ் ஃபெல்லோ என்று கௌரவித்து மாவட்ட மாநாட்டில் மேடையேற்றுகிறார்கள். சிறு நகரத்து வியாபாரிக்கு அது சின்னத் தொகை இல்லை. அவர் கொடுத்தது ஆப்பிரிக்காவில் ஒரு கிணறாகலாம். ஆஸ்திரேலியச் சங்கம் ஒன்று கொடுத்தது நாகை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் கழிப்பறையாகலாம். முகம் தெரியாதவருக்காக மனிதர் பணம் போடும் இந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். தன் ஊருக்குச் செய்வது இயல்பு. பெயர்கூட உச்சரிக்கத் தெரியாத ஊருக்குச் செய்வதற்குப் பழக்கம் வேண்டும்; வாரக் கூட்டம் அந்தப் பழக்கத்தை ஊட்டுகிறது.

இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்தித்தது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்நாட்டில் இறந்த சுமார் எட்டாயிரம் பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தார்கள். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் வேளாங்கண்ணிக் கடற்கரையும் கொடுத்த உயிர்களைப் பற்றி எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது. முதல் சில நாட்களில் உள்ளூர்ச் சங்கத்தினரும் ஜமாஅத்துகளும் கோயில்களும் தேவாலயங்களும் கல்யாண மண்டபக்காரர்களும் சமைத்துப் போட்டதை இந்த ஊர் மறக்காது. வெளியூர் உதவி வருவதற்கு முன்னால் பசியாற்றியவர்கள் அவர்கள்தான்.

அதன்பின் உலகம் வந்தது. ரோட்டரி அறக்கட்டளை தெற்காசிய ஒருமைப்பாட்டு நிதி என்று தனியே ஒன்றைத் திறந்து இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, தாய்லாந்து நாடுகளில் மறுகட்டுமானத்துக்குப் பணம் திரட்டியது. பல நாடுகளின் தொண்டு நிறுவனங்களும் திருச்சபைகளும் நிறுவனங்களும் நாகையில் முகாமிட்டன. யார் எந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத நிலை வந்தது. அதைச் சீர்செய்ய, மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு ஆட்சியர் அலுவலகத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று 2005 ஜனவரியின் தொடக்க நாட்களிலேயே இயங்கத் தொடங்கியது. அது இல்லாதிருந்தால் குழப்பம் இன்னும் பெருகியிருக்கும். அப்படியும் சாலையோரங்களில் பழைய துணி குவிந்து கிடந்தது. கொடுத்தவர்கள் அன்போடுதான் கட்டி அனுப்பினார்கள். ஆனால் மீனவக் குடும்பங்கள் பிறர் உடுத்திய துணியை உடுத்த மறுத்தன. குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகள் இந்தக் கரையில் யாருக்கும் பயன்படாது. ஊர்க் கூட்டத்தில் ஒரு தடவை கேட்டிருந்தாலே இது தெரிந்திருக்கும்.

படகு விஷயம் இன்னும் ஆழமானது. படகை இழந்தவருக்குப் படகு என்பது வெளியிலிருந்து வந்த கொடையாளரின் கணக்கு. பெயர்ப்பட்டியல், பயனாளி, புகைப்படம், படகில் கொடையாளரின் பெயர். பஞ்சாயத்தாரின் கணக்கு வேறு. எது வந்தாலும் ஊர்ப் பொதுவில் வைத்துத் தலைக்கட்டுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். எல்லாருக்கும் வரும் அளவுக்கு இல்லையென்றால் வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது ஒன்றைப் பலர் சேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். கொடையாளர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. இழந்தவரும் இழக்காதவரும் ஒரே அளவு பெறுவது என்ன நீதி என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பஞ்சாயத்தார் தரப்பிலும் நியாயம் இருந்தது. நாளை எல்லாரும் சேர்ந்து வலை இழுக்க வேண்டிய ஊரில், ஒருவருக்குப் படகும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வெறுங்கையும் என்றால் ஊர் உடையும். கொடையாளர் ஆறு மாதத்தில் போய்விடுவார். பகை அங்கேயே இருக்கும்.

நடந்தது என்னவென்றால், கேமரா போன ஊர்களுக்கு ஃபைபர் படகுகள் தேவைக்கு மேல் வந்தன. சுனாமிக்கு முன் இருந்த எண்ணிக்கையைத் தாண்டிப் படகுகள் கடலில் இறங்கின. கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் படகுச் சொந்தக்காரர்கள் ஆனபோது, பெரிய படகுகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. கடலில் மீன் கூடவில்லை. சாலையிலிருந்து தள்ளியிருந்த ஊர்களும் உப்பளத் தொழிலாளரும் கடல்நீர் புகுந்த வயல்காரர்களும் நெடுநாள் காத்திருந்தார்கள். இவ்வளவு பணமும் இவ்வளவு நல்லெண்ணமும் திரண்ட ஒரு காரியம் சில ஊர்களில் இப்படித் தடம் மாறியது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆனால் ஊர்க் கூட்டத்தின் சமநீதி எங்கே நின்றது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். தலைக்கட்டுக்குச் சமம் என்றால், தலைக்கட்டாக எண்ணப்படாதவருக்கு என்ன? கணவனை இழந்த பெண் பல ஊர்களில் முழு வரிக்காரராகக் கணக்கில் இல்லை. அவருக்கு அரைப் பங்கோ, அதுவும் இல்லாமலோ போனது. கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்வதே இல்லை; அவர்கள் இழந்த கூடையும் பாத்திரமும் கைமுதலும் முதல் பட்டியல்களில் ஏறவில்லை. மீன் இறக்கும் வேலை, கருவாடு காயப்போடும் வேலை, வயல் வேலை என்று கடற்கரையை நம்பியிருந்த தலித் குடும்பங்கள், இருளர் குடும்பங்கள் ஊரின் கணக்குக்கு வெளியே நின்றன. நிவாரணம் மீனவ ஊருக்கு என்று வந்ததால் அவர்களுக்கு வரவில்லை. நாகையைச் சேர்ந்த ஸ்நேகா போன்ற அமைப்புகள் மீனவப் பெண்களைத் திரட்டி வைத்திருந்ததால்தான் சில இடங்களில் இந்தக் குரல் வெளியே கேட்டது. நிரந்தர வீடு கட்டித் தந்தபோது கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை எழுத வேண்டும் என்று அரசு வைத்த நிபந்தனையை, அந்த மறுவாழ்வுப் பணியின் மிக நல்ல முடிவுகளில் ஒன்றாகக் கருதுகிறேன். ஊர்க் கூட்டம் தானாக அந்த முடிவுக்கு வந்திருக்காது.

சேவைச் சங்கமும் இதில் உயர்ந்து நிற்கவில்லை. ரோட்டரி 84 ஆண்டுகள் ஆண்களின் சங்கமாகவே இருந்தது. கலிபோர்னியாவின் டுவார்டே என்ற சிற்றூர்ச் சங்கம் 1977இல் பெண்களைச் சேர்த்ததற்காக ரோட்டரி அமைப்பிலிருந்தே நீக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1987இல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ந்த பிறகுதான், 1989இல் உலகம் முழுவதும் விதி மாறியது. முதல் பெண் உலகத் தலைவர் வர 2022 ஆனது. நம் ஊர்ச் சங்கங்களில் இன்றும் மனைவியர் குடும்ப விழாவுக்கும் இன்னர் வீல் என்ற மகளிர் அமைப்புக்கும் என்று பிரித்து வைக்கப்படுவதுண்டு. சந்தா கட்ட முடிந்தவர்தான் உறுப்பினர் என்பதால், உதவி பெறுகிறவர் அந்த மேசையில் ஒருநாளும் உட்கார மாட்டார். மேடைக்கு வந்து பொருளை வாங்கிக்கொண்டு கும்பிட்டுப் போவதோடு அவர் பங்கு முடிகிறது. ஊர்க் கூட்டத்தில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. ஆனால் வெளியாள் கிடையாது. சங்கத்தில் வெளியாளுக்கே எல்லாம். ஆனால் வெளியாளின் பேச்சு கிடையாது.

சர்வதேசச் சேவை இந்தியாவில் முழுமையாக வென்ற இடம் ஒன்று உண்டு: போலியோ. 1979இல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்ததில் தொடங்கி, 1985இல் போலியோபிளஸ் என்று அது பெருந்திட்டமானது. 12 கோடி டாலர் இலக்கு வைத்து, 1988க்குள் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் திரட்டினார்கள். அந்த ஆண்டுதான் உலக சுகாதார நிறுவனம், யுனிசெப், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆகியவற்றோடு ரோட்டரி சேர்ந்து உலக ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. அப்போது உலகில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேரைப் போலியோ தாக்கிக்கொண்டிருந்தது. இந்தியாவில் 1995இல் நாடு தழுவிய சொட்டு மருந்து நாட்கள் வந்தன. 2009இல்கூட நம் நாட்டில் 741 பேருக்கு நோய் வந்தது. உலகத்திலேயே அதுதான் அதிகம். 2011 ஜனவரி 13க்குப் பிறகு இயற்கைப் போலியோ வைரஸ் புதிதாக ஒருவரையும் தாக்கவில்லை. 2014 மார்ச் 27 அன்று, இந்தியாவை உள்ளடக்கிய, உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் போலியோ இல்லாத பகுதி என்று சான்று பெற்றது.

படகில் தவறியது சொட்டு மருந்தில் ஏன் தவறவில்லை? முதல் காரணம் எளிது. ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் தேவை ஒன்றே: இரண்டு சொட்டு. மீன் விற்பவரின் குழந்தைக்கும் மிராசுதாரின் பேரனுக்கும் அளவு மாறாது. தலைமையகத்தில் எடுத்த முடிவு கோடியக்கரையிலும் அப்படியே பொருந்தும். பங்கு பிரிக்கும் சிக்கல் அங்கே எழவில்லை. படகும் வீடும் கடனும் அப்படிப்பட்டவை இல்லை. ஒவ்வோர் ஊரிலும் அவற்றுக்கு வேறு வேறு உறவு இருக்கிறது.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். முடிவு எங்கோ எடுக்கப்பட்டாலும் கை உள்ளூர்க் கை. பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் சத்துணவுக் கூடத்திலும் மேசை போட்டு, ஊழியர்களுக்குச் சாப்பாடும் டீயும் கொடுத்து, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, விடுபட்ட வீட்டைத் தேடிப் போனவர்களில் சங்க உறுப்பினர்கள் இருந்தார்கள். அங்கன்வாடி ஊழியர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் சுமந்ததுதான் பெரும்பாரம். அதை மறைத்து ரோட்டரிக்கு மட்டும் மாலை போடுவது தவறு. ஆனாலும் வாரந்தோறும் கூடிப் பழகிய ஒரு குழு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வா என்றால் வந்து நிற்கும். அந்தப் பழக்கம் இல்லாத ஊரில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதை ஒரே நாளில் உண்டாக்க முடியாது.

உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் சொட்டு மருந்து குழந்தைகளை மலடாக்கும் என்று பரவிய வதந்தியால் பல முஸ்லிம் குடும்பங்கள் கதவைத் திறக்கவில்லை. அறிவுரையும் அதிகாரமும் பலிக்கவில்லை. ரோட்டரியின் இந்தியப் போலியோ குழு, தீபக் கபூர் தலைமையில், உலமாக்களைக் கொண்டே ஒரு குழு அமைத்தது. மார்க்க அறிஞர்கள் கூட்டத்தில் உட்கார்ந்தார்கள், கேள்வி கேட்டார்கள், ஐயம் தீர்ந்த பின் பள்ளிவாசலில் இருந்து தாங்களே அறிவித்தார்கள். கதவு திறந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால், போர் நடந்த ஆண்டுகளில் இலங்கையின் வடக்கில் சொட்டு மருந்து கொடுக்க, துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்களைப் பெற வேண்டியிருந்தது. கொழும்பு ரோட்டரியின் கே. ஆர். ரவீந்திரன், யுனிசெப்போடும் அரசோடும் சேர்ந்து அந்த முயற்சியில் ஈடுபட்டார். போர்நிறுத்த நாட்களில் இரு பக்கத்துக் குழந்தைகளுக்கும் மருந்து போய்ச் சேர்ந்தது. சுனாமிக்குப் பிறகு அந்நாட்டு ரோட்டரி சங்கங்கள் 25 பள்ளிகளை மீண்டும் கட்டும் திட்டத்தை முன்னின்று நடத்தியபோதும் அவர் அதில் இருந்தார். 2015இல் அவரே உலகத் தலைவரானார். இந்த இரண்டு இடங்களிலும் சங்கம் செய்தது ஒன்றுதான்: எதிர்ப்பக்கத்தில் நின்றவரைப் பேச்சுக்குள் கொண்டுவந்தது.

சம்பந்தப்பட்டவரைப் பேச்சுக்குள் கொண்டுவருவதை நாகப்பட்டினம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறது. ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரில் இங்கே ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கான அறக்கொடையாகக் கொடுத்தான். ஆண்டுக்கு 8,943 கலத்துக்கு மேல் நெல். கடல் கடந்த அரசன் கேட்கிறான், தஞ்சையின் பேரரசன் கொடுக்கிறான். உத்தரவு ஒன்றே போதுமே என்று தோன்றும். அந்தக் கொடையைப் பதிவு செய்த பெரிய லெய்டன் செப்பேடுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. நாட்டாருக்கு, அதாவது அந்த வட்டாரத்துச் சபைக்கு, திருமுகம் என்னும் அரச ஓலை போனது. அவர்களும் அரசு அதிகாரிகளும் சேர்ந்து பெண்யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வந்தார்கள். கல்லும் கள்ளியும் நட்டார்கள். சுற்றியிருந்த பல ஊர்களின் பிரதிநிதிகள் உடனிருந்து கையெழுத்திட்டார்கள். எந்த வாய்க்கால் யாருக்கு, நீர் எந்த வழியாகப் பாயும் என்பதெல்லாம் எழுதப்பட்டது. எல்லை பக்கத்து ஊர்க்காரருக்குத் தெரியாமல் வகுக்கப்பட்டால் அடுத்த நடவிலேயே தகராறு வரும் என்பது அந்த அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. அதே காலத்தில் கடல் கடந்த கிடாரத்து அரசனின் முகவர்கள் நாகை காயாரோகணர் கோயிலுக்கும் அணிகலன் செய்யச் சீனப் பொன் கொடுத்ததைக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. அன்னியக் கொடையை வாங்கிக்கொள்ள இந்த ஊர் என்றும் வெட்கப்பட்டதில்லை.

அந்தச் செப்பேட்டிலும் ஓர் இடைவெளி உண்டு. கையெழுத்திட்ட ஊரார் நிலம் உடையவர்கள். அந்த நிலத்தில் சேற்றில் இறங்கி உழைத்தவர்களின் கையெழுத்து அதில் கிடையாது. ஆயிரம் ஆண்டு கழித்துக் கடற்கரையில் தலைக்கட்டுக் கணக்கில் விடுபட்டவர்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இன்று ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியம் பெற வேண்டுமானால் குறைந்தது 30,000 டாலர் திட்டமாக இருக்க வேண்டும். இரண்டு நாட்டுச் சங்கங்கள் கைகோக்க வேண்டும். விண்ணப்பத்தோடு அந்தச் சமூகத்தின் தேவையை ஆராய்ந்த மதிப்பீடு ஒன்றும் இணைக்க வேண்டும். பொருளை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்பத் தேவையை எழுதும் பழக்கத்தைத் தடுக்க வந்த விதி அது. நல்ல விதி. ஆனால் மதிப்பீடு என்பது படிவத்தில் நிரப்பும் பக்கமாகிவிட்டால் எதுவும் மாறாது. தொழில்முறை ஆலோசகர் ஒருவர் இரண்டு நாள் வந்து கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டு போவது மதிப்பீடு ஆகாது.

2016இலிருந்து ரோட்டரி சங்கங்கள் கூட்ட நாளையும் முறையையும் தாங்களே வகுத்துக்கொள்ளலாம். மாதம் இரண்டு கூட்டம் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. வருகைக் கணக்கின் பழைய கெடுபிடியும் தளர்ந்தது. நாகை வட்டாரத்துச் சங்கங்கள் இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். கடலோரத்துக்கு ஒரு திட்டம் போடும் முன், அந்த மாதத்தின் ஒரு கூட்டத்தை அந்த ஊரின் பொதுக் கட்டடத்திலேயே நடத்தட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அவற்றில் போகும் ஆண்கள் கரையில் இருப்பார்கள், பேச நேரம் கிடைக்கும். பஞ்சாயத்தாரிடம் முதலில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும், அது மரியாதை. அதோடு மீன் விற்கும் பெண்களை ஏலம் முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்துத் தனியே ஒரு கூட்டமாகவும், ஊரை ஒட்டிய தலித் தெருவில் இன்னொரு கூட்டமாகவும் சந்திக்க வேண்டும். மூன்று கூட்டங்களிலும் சொன்னது மூன்று விதமாக இருக்கும். அந்த மூன்றையும் அப்படியே எழுதி, எதற்கு ஏன் முதலிடம் கொடுத்தோம் என்ற காரணத்தையும் சேர்த்து, பங்காளியாக வரும் வெளிநாட்டுச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்து, அப்போது யார் தலைவராக இருந்தாலும், அதே மூன்று இடங்களுக்கும் திரும்பிப் போய்க் கணக்குச் சொல்ல வேண்டும். வடிகட்டியை மாற்றியாயிற்றா என்பதையும் சேர்த்து.